தகடூர் நிலத்தின் முழவொலி: நாதவண்ணம் குறித்து

தமிழில் இசை பற்றி எழுதப்படும் நூல்களில் பெரும்பாலானவை இராகத்தையும் தாளத்தையும் சுற்றியே நகர்கின்றன. சுரம் எது, அதன் அசைவு எத்தகையது, தாளத்துக்கு எத்தனை அட்சரம் என்பனவெல்லாம் ஏட்டில் குறித்துவைக்கக் கூடியவையாதலால் அவற்றைப் பற்றிப் பேசுவது எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே சுரத்தை ஒரே வலிமையில் ஒரே நேர அளவுக்கு நாகசுரமும் வீணையும் ஒலித்தாலும் எது நாகசுரம், எது வீணை என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடுகிறது. சுருதியும் வலிமையும் கால அளவும் ஒன்றாக இருக்கும்போதும் இரண்டு ஒலிகளைப் பிரித்தறியச் செய்யும் இந்தப் பண்பே நாதவண்ணம் எனப்படுவது. குறியீட்டில் அடங்காத காரணத்தினால் இது இசையின் மேற்பூச்சாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டத்திலுள்ள கம்பைநல்லூரையும் அதைச் சூழ்ந்த தென்பெண்ணைக் கரை ஊர்களையும் உள்ளடக்கிய நிலப்பகுதியில் கேட்கும் பறை, பம்பை, உடுக்கை, முகவீணை ஆகியவற்றின் இசையை ஆராயும்போது இந்த எண்ணம் நிலைகொள்ளவில்லை. இங்கே ஓர் ஒலி எந்த நிகழ்வுக்கு உரியது, யாரை விளித்து எழுகிறது என்பதைக் கேட்போர் முதலில் அறிவது நாதவண்ணத்தால்தான். தாளமும் பாட்டும் அதற்குப் பின்னரே பொருள்கொள்கின்றன.

இதற்கு மிகப் பழைய சான்று இந்த நிலத்திலேயே கிடைக்கிறது. இன்றைய தருமபுரியே சங்க காலத்துத் தகடூர் என்பதும், அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடினார் என்பதும் பலரும் அறிந்தவை. புறநானூற்றின் 89ஆம் பாடலில், உன் நாட்டில் போரிடுவோரும் இருக்கின்றனரோ என்று கேட்கும் பகைவேந்தனுக்கு ஔவையார் விடை சொல்கிறார். பொதுவிடத்தில் தொங்கவிடப்பட்டிருக்கும் தண்ணுமையின் இறுகக் கட்டிய முகத்தில் காற்று மோதி ஒலி எழும்போதுகூட அதைப் போர் என்றே கருதும் தலைவன் ஒருவன் தன் நாட்டில் உண்டு என்பது அவ்விடையின் கருத்து. தலைவனின் வீரத்தைச் சொல்லும் பாடலாகவே இது வழக்கமாக விளக்கப்படுகிறது. இசை ஆய்வாளரின் கண்ணுக்கு இதில் மற்றொன்றும் தெரிகிறது. காற்று அடிக்கும் முழவில் தாளம் கிடையாது, போருக்குரிய அடி எதுவும் அங்கு வாசிக்கப்படவில்லை, வாசிப்பவரே இல்லை. எஞ்சியிருப்பது இறுக்கிய தோலின் ஒலித்தன்மை மட்டுமே. அது மட்டுமே அதியமானின் செவிக்குப் போர் என்ற பொருளைத் தந்துவிடுகிறது என்று ஒரு புலவர் பாடக்கூடிய அளவுக்கு, முழவின் நாதவண்ணத்துக்கும் நிகழ்வுக்கும் இடையிலான பிணைப்பு அக்காலத்தவருக்கு வெளிப்படையாக இருந்திருக்கிறது.

செவி இவ்வளவு விரைவாக முடிவுக்கு வருவது புலவரின் கற்பனை மட்டுமன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 1999இல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் கிளென் ஷெல்லன்பர்க்கும் அவருடன் பணியாற்றியோரும், அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த பாடல் பதிவுகளிலிருந்து ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கும் பத்தில் ஒரு பங்குமான துணுக்குகளை வெட்டியெடுத்துக் கேட்கச் செய்தனர். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஒரு மெட்டு நகர இடமில்லை. தாளத்தின் ஒரு சுற்றும் அமையாது. அப்படியிருந்தும் கேட்டோர் குருட்டாம்போக்கில் ஊகித்தால் கிடைக்கக்கூடியதைவிட மிகுதியாகவே பாடல்களை இனங்கண்டனர். துணுக்குகளின் உயர் அதிர்வெண் பகுதியை நீக்கியபோது அவர்களின் திறன் சரிந்தது. மெட்டைக் கேட்டுத்தான் பாடலை அறிகிறோம் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது பொருந்திவரவில்லை.

நாதவண்ணம் உருவாகும் முறையைப் புரிந்துகொள்வதற்குத் தமிழ் உயிரெழுத்துகளே போதும். ஒரே சுருதியில் நின்று அ, இ, உ என மாறிமாறி ஒலித்தால் குரல்நாண்களின் அதிர்வு மாறுவதில்லை. வாயின் வடிவமும் நாவின் இடமும் மாறுவதால் சில அதிர்வெண்கள் வலுப்பெற்று வேறு சில மங்குகின்றன. இசைக்கு உரிய எந்த ஒலியும் தனியோர் அதிர்வால் ஆனதன்று. சுருதியாக நாம் உணரும் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலே அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில், இந்த மேற்சுரங்களுள் எவை எவ்வளவு வலுவுடன் ஒலிக்கின்றன என்பதே ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்று நிறுவினார். அவருடைய விளக்கம் நிலைத்து நீடிக்கும் ஒலிகளுக்குப் பெரிதும் பொருந்தியது. ஒலி எழும் முதல் நொடித்துளியின் பங்கு அதில் போதிய இடம் பெறவில்லை. 1964இல் கென்னத் பெர்கர் ஊதுகருவிகளின் பதிவுகளில் ஒலியின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் இசை பயின்றவர்களுக்குப் போட்டுக்காட்டியபோது, அவர்கள் தாமே வாசித்துப் பழகிய கருவிகளைக்கூடக் குழப்பிக்கொண்டனர். தோற்கருவிகளில் தொடக்கமே ஏறக்குறைய முழு ஒலியுமாக இருப்பதால் இந்த உண்மை இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

பறையை எடுத்துக்கொள்ளலாம். வாசிக்கத் தொடங்குமுன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அந்த அனலில் பறையின் முகத்தைக் காட்டிக் காய்ச்சுவது வழக்கம். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளரும் இயல்புடையது. அனல் பட்டதும் ஈரம் வெளியேறி இழைகள் சுருங்க, வட்டச் சட்டத்தின் மீது தோலின் இழுவிசை கூடுகிறது. காய்ச்சுபவர் இடையிடையே விரலால் சுண்டிப் பார்க்கிறார். மந்தமாக அமுங்கிக் கேட்ட ஒலி மெல்ல மெல்லத் தெளிந்து, ஒரு கட்டத்தில் கணீரென்று வெடிக்கும்போது பறை தயார் என்று கொள்ளப்படுகிறது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் தோலின் அதிர்வெண் இருமடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே சுருதி கூடும் அளவு பெரிதன்று. காய்ச்சுதலின் முதன்மையான பயன், தளர்ந்த தோல் விழுங்கிவிடும் மேல் அதிர்வுகளை உயிர்ப்பிப்பதில்தான் இருக்கிறது. வாசிப்பில் இரண்டு கைகளுக்கும் இரண்டு வேறு குச்சிகள் இருக்கின்றன. நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பாகிய சிண்டு தோலின் பரப்பில் படியும்போது உயர் அதிர்வெண்கள் நிறைந்த வெடிப்பொலி எழுகிறது. குட்டையாகத் தடித்திருக்கும் அடிக்குச்சி தோலின் ஆழ்ந்த தொனியை எழுப்புகிறது. ஒரே தோலில் இரண்டு நிறங்கள். அந்த இரண்டின் பின்னலே பறையின் அடி வகைகள். குச்சிகள் இரண்டையும் ஒரே வகையாக்கிவிட்டு அதே தாளத்தை வாசித்தால் கணக்கு மாறாது, அடி கலைந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் மாரியம்மன், அங்காளம்மன் விழாக்களில் பம்பையின் இடம் இதைவிடவும் ஆராயத் தக்கது. பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை முழவுகள். பல இடங்களில் ஒன்று மரத்தாலும் மற்றது உலோகத்தாலும் செய்யப்படுகிறது. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியாலும் கையாலும் வாசிக்கப்படும் இதனுடன் உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்கின்றன. நீர்நிலையின் கரையில் கரகம் சோடித்து அம்மனை அழைக்கும்போது எழும் இந்த மூன்றொலிக் கூட்டம் செவியின் மூன்று வேறு மண்டலங்களில் வேலை செய்கிறது. பம்பையின் தாழ்ந்த முகம் அடிமண்டலத்தை நிரப்புகிறது. உடுக்கையின் இடை குறுகிய உடலைச் சுற்றியுள்ள கயிறுகளைக் கை அழுத்தும்போது தோல் இறுகி ஒலி வழுக்கியபடி மேலேறுகிறது. பேச்சில் குரல் ஏறி இறங்குவதை ஒத்த இந்த வழுக்கல் நடுமண்டலத்துக்குரியது. உள்ளீடற்ற உலோக வளையத்துக்குள் பரல்கள் புரளும் சிலம்பு, சுருதி என்று சொல்லக்கூடிய எதையும் தராமல், மேல்மண்டலம் முழுவதும் பரவும் இரைச்சலைத் தருகிறது. மூன்றும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. கூட்ட நெரிசலிலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் வழியே முழவும் நிற்குமாறு சொல்லப்படும் கூட்டிசை ஒழுங்கு ஒன்றையொன்று தழுவி இழைவதை நாடுகிறது. பம்பைக் கூட்டு நாடுவது அதற்கு நேர் எதிரானது. இழையாமல் பிரிந்து நிற்பதே அதன் அழகு. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒன்றை நயமானது என்றும் மற்றதை முரட்டுத்தனமானது என்றும் சொல்வது ஆய்வுக்கு ஒவ்வாதது.

தோலின் நாதவண்ணத்தைப் பற்றிய அறிவியல் ஆய்வில் தமிழகத்துக்குத் தனிப்பட்ட பெருமை உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, சிவகாளி குமாருடன் இணைந்து இந்திய முழவுகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். சாதாரண வட்டத் தோல் அதிரும்போது அதன் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற விகிதங்களில் அமைவதால் தெளிவான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றுடன் கல்தூளைக் குழைத்துப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றப்படும் கருங்கரணை, தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டி அந்த அதிர்வுகளை இடம்பெயர்த்து, ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதங்களில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதை ராமன் காட்டினார். 1934இல் வெளியான விரிவான கட்டுரையில், தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் இந்த ஐந்து சுரங்களுக்குள் ஒன்றுதிரள்வதை அவர் விளக்கினார். தொழிற்கூடத்தில் பல தலைமுறைகளாகத் தோலையும் கரணையையும் செவியால் மட்டுமே சரிபார்த்து வந்த கைகள், சமன்பாடு எதுவும் இன்றி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்தக் கைகளுக்கு உரியோரின் பெயர்கள் இசை வரலாற்றில் மிக அண்மைக்காலம் வரை பதிவாகவில்லை, டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல்தான் பாலக்காடு மணி ஐயருக்காக மிருதங்கம் செய்த பர்லாந்து உள்ளிட்ட கைவினைஞர்களைப் பொதுவெளியில் பரவலாக அறியச் செய்தது. தோலுக்கும் தோலைத் தொடுவோருக்கும் சமூகம் விதித்த இழிவு, அத்தோலின் ஒலியை எவ்வாறு கேட்பது என்பதிலும் புகுந்திருக்கிறது. கரணை பூசிய தோலின் ஒலி நாதம் என்றும், கரணையில்லாத தோலின் ஒலி இரைச்சல் என்றும் வகுக்கப்படும்போது, அவ்வகுப்பில் இயற்பியலின் பங்கு எவ்வளவு, சாதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

இதே ராமன் 1921இல் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரைகளையும் ஆராய்ந்தார். ஒரு தந்தியை அதன் சரிபாதியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் அசைவின்றி நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழ முடியாது என்பது அதுவரை ஏற்கப்பட்டிருந்த விதி. வளைந்த அகலமான குதிரையின் மீது தந்தி உரசியபடி அதிரும் இந்தக் கருவிகளில், எழக்கூடாத மேற்சுரங்களும் தெளிவாக எழுந்தன. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கப்படும் ஜீவா நூலை மயிரிழை அளவு நகர்த்தும்போது ஒலி மூடியிருந்ததிலிருந்து விரிந்து இரீங்காரமாக மாறுவதற்கு இந்த உரசலே காரணம். சுருதி துளியும் மாறாதபோதும், ஜீவா இல்லாத தம்புராவுடன் பாடப் பாடகர்கள் விரும்புவதில்லை.

தென்பெண்ணைக் கரை ஊர்களின் மற்றொரு முதன்மையான ஒலி தெருக்கூத்துக்கு உரியது. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு முழுவதும் கூத்தும் நிகழும்போது பின்பாட்டுக்கு உடன் ஒலிப்பது முகவீணை. நாகசுரத்தைப் போலவே இரட்டை நாக்கு கொண்ட சீவாளியும் கூம்பு வடிவ உடலும் உடையது; அளவில் மட்டும் மிகச் சிறியது. கூம்பு வடிவக் குழலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை மேற்சுரங்கள் எல்லாமே ஒலிக்கும். சிறிய உடலும் இறுகிய சீவாளியும் சேர்ந்து ஒலியின் ஆற்றலை உயர் மண்டலத்துக்குத் தள்ளுகின்றன. மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் மிகக் கூர்மையாகக் கேட்கிறது; செவிக்குழாய் தானே ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதே இதற்குக் காரணம். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு, திறந்த களத்தில், விடியும் வரை, பலநூறு பேருக்கு எட்டும்படி வாசிக்க வேண்டிய கருவி அந்த மண்டலத்தில் ஒலிப்பது தற்செயலன்று. உச்சக் கட்டையில் பாடும் கூத்துக் கலைஞரின் குரலும் அதே மண்டலத்தை நாடுகிறது. அக்குரலைக் கச்சேரி மேடையின் குரலோடு ஒப்பிட்டுக் குறை சொல்வோர், அது எந்த வெளிக்காக உருவானது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

குரலும் சீவாளிக் கருவியும் எவ்வளவு நெருங்க முடியும், எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைத் தமிழ் கேட்போர் அனைவரும் அறிந்த ஒரு பதிவிலேயே காணலாம். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையில், ஆபேரி இராகத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றையொன்று தொடர்கின்றன. சுரங்களும் கமகங்களும் ஒத்திருக்க, கேட்போரின் உள்ளத்தில் எழும் சிலிர்ப்பு முழுவதும் இரண்டு நாதவண்ணங்களுக்கு இடையிலான சிறிய இடைவெளியிலிருந்தே பிறக்கிறது. அந்த இடைவெளியே இல்லையெனில் அப்பாடலில் உரையாடலும் இல்லை.

கருவி செய்யும் பொருளைப் பற்றிய கவலை தமிழ் இசை மரபில் பழையது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழல் செய்வதற்கு மூங்கிலை முதன்மையாகவும் வெண்கலத்தை அடுத்ததாகவும் வைத்துச் சந்தனம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றை அதன்பின் வைக்கிறார். தம் காலத்தில் கருங்காலியே பெருவழக்கு என்றும் குறிக்கிறார். நூல் விதித்த வரிசையும் நடைமுறையில் செவி விரும்பிய வரிசையும் வேறுபட்டதை ஓர் உரையாசிரியர் மறைக்காமல் எழுதிவைத்திருப்பது பாராட்டுக்குரியது.

முழவொலியால் அருள் வருகிறதா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பம்பையைப் பற்றிய எந்த ஆய்வும் முழுமை பெறாது. 1962இல் ஆண்ட்ரூ நெஹர், முழவின் சீரான அடிகள் மூளையின் மின்னலைகளைத் தம் வேகத்துக்கு இழுத்துச் செல்வதால் ஆவேசம் உண்டாகிறது என்று உடலியல் விளக்கம் தந்தார். பிரெஞ்சு இசை இனவியலாளர் ஜில்பேர் ரூஜே 1980இல் வெளியிட்ட நூலில் இதை வன்மையாக மறுத்தார். ஒலிக்கே அந்த ஆற்றல் இருந்தால் முழவைக் கேட்கும் அனைவருக்கும் ஆவேசம் வரவேண்டும், அவ்வாறு வருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ரூஜேயின் பக்கமே நியாயம் மிகுந்திருக்கிறது. பம்பை ஒலிக்கும் இடத்தில் நிற்கும் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அருள் வருகிறது. அவர்களும் அந்த ஒலியோடும் அந்த அம்மனோடும் வளர்ந்தவர்கள். ஆயினும் ரூஜேயின் வாதத்தை ஒலி எதுவானாலும் பரவாயில்லை என்ற எல்லை வரை இழுத்துச்செல்ல முடியாது. கற்றுக்கொண்ட பிணைப்பு ஒரு குறிப்பிட்ட நாதவண்ணத்தோடுதான் உண்டாகிறது. எந்த அடி அழைப்புக்கு உரியது என்பதை மட்டுமன்றி, எந்தத் தோலும் எந்த உலோகமும் அழைக்கின்றன என்பதையும் உடல் நினைவில் வைத்திருக்கிறது. மிருதங்கத்தில் அதே அடியை வாசித்துக் கரகம் அழைக்கும் வழக்கம் எங்கும் உருவாகாததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கவில்லை.

நாதவண்ணத்தைச் சொல்லால் குறிக்கவே முடியாது என்றும் எண்ணிவிடக் கூடாது. தா, தீ, தொம், நம் என்ற சொற்கட்டுகள் அதைத்தான் செய்கின்றன: மெய்யெழுத்து அடியின் தொடக்கத்தையும், உயிரெழுத்து அதன் நிறத்தையும், மூக்கொலி அது நீடித்து மறைவதையும் குறிக்கின்றன. தபலாவின் சொற்கட்டுகளை 2003இல் ஆராய்ந்த அனிருத் படேலும் ஜான் ஐவர்சனும், இந்திய இசையோடு பழக்கமில்லாதவர்களும் சொல்லையும் அதற்குரிய அடியையும் ஊகத்தை மிஞ்சிய அளவில் பொருத்திக் காட்டுவதைக் கண்டனர்.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்த ஒலி உலகம் இரண்டு வழிகளில் மாறிக்கொண்டிருக்கிறது. தோலுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் முகமும், வாருக்கும் கயிற்றுக்கும் மாற்றாக இரும்பு வளையமும் திருகும் பறை முதலான கருவிகளில் புகுந்துள்ளன. இந்த மாற்றத்தைக் கலைஞர்களின் குறையாகக் கொள்வது அநீதி. மழையில் தளராத, அனல் தேவைப்படாத, எடை குறைந்த கருவியை, இரவெல்லாம் சுமந்து வாசிப்பவர் தேர்ந்தெடுப்பது முற்றிலும் முறையானதே. இருப்பினும் பிளாஸ்டிக் முகம் ஈரத்தை உறிஞ்சாதது போலவே உயர் அதிர்வுகளையும் தன்னுள் அடக்கிக்கொள்வதில்லை. அடிக்கு அடி ஒரே கூர்மையுடன் ஒலிக்கும் அதில், காய்ச்சிய தோல் நேரம் செல்லச் செல்ல இறங்கி மீண்டும் காய்ச்சும்போது ஏறும் அந்த நிற வேறுபாடு இல்லாமற்போகிறது.

மற்றொரு மாற்றம் ஒலிபெருக்கியால் வந்தது. ஊர்த் திருவிழாக்களில் கட்டப்படும் புனல் வடிவ ஒலிபெருக்கி நடுமண்டலத்தை வெகுதொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களை அதனால் எழுப்ப இயலாது. அடிப்படைச் சுரம் வந்து சேராதபோதும் அதன் மேற்சுரங்களிலிருந்தே சுருதியை மூளை மீட்டெடுத்துக்கொள்வதால் பாட்டின் மெட்டு பழுதின்றிக் கேட்கிறது. பம்பையின் தாழ்ந்த முகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒழுங்கான மேற்சுர வரிசை இல்லாத அதன் ஒலியை மூளையால் இட்டுநிரப்ப முடியாது. கைப்பேசிகளின் சிறிய ஒலிபெருக்கியிலும் நிகழ்வது இதுவே. இன்று இளையோர் பம்பையையும் கூத்தையும் கேட்பது பெரும்பாலும் அந்தத் திரைகளின் வழியாகத்தான். சிலம்பும் சிண்டும் அவர்களுக்குத் துல்லியமாக எட்டுகின்றன, தோலின் அடித்தொனி எட்டுவதில்லை. இந்தப் பகுதியின் இசையை ஆவணப்படுத்த முனைவோர் பாட்டையும் அடியையும் எழுதிக்கொள்வதோடு நிற்காமல், முழவின் ஒவ்வொரு முகத்துக்கும் அருகே தனித்தனி ஒலிவாங்கி வைத்து, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும், தோலிலும் பிளாஸ்டிக்கிலும், ஒரே கலைஞர் ஒரே அடியை வாசிக்கும் பதிவுகளை இப்போதே எடுத்துவைக்க வேண்டும். தோல் முகத்தை மாட்டவும் காய்ச்சவும் தெரிந்தவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.